சாமான் பறக்கும், மலை விலகாது

போன மாதம் ஒரு வாசகருக்கு ட்ரோன் பற்றி நாலு வரி பதில் எழுதினேன். அதோடு பிடித்தது வினை. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விசிறி முளைத்து வந்திருக்கின்றன. குறை சொல்லவும் முடியாது. பசறையிலிருந்து பிபிலை வரை கலியாண வீடு, தேர், பாடசாலை விளையாட்டுப் போட்டி எதற்குப் போனாலும் தலைக்கு மேல் ஒன்று இரைந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே இம்முறை அரசியலுக்கு முழு விடுமுறை, சினிமாவுக்கு முக்கால் விடுமுறை.

கே: அண்ணே, சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருக்கிறேன். வெளிநாட்டில் வேலை செய்யும் அம்மா ட்ரோன் வாங்கக் காசு அனுப்புகிறேன் என்கிறார். எதை வாங்கலாம்? — ஒரு தம்பி, ஹொப்டன்

ப: இரண்டு வாங்கு தம்பி. ஒன்று உடைப்பதற்கு, மற்றது ஓட்டுவதற்கு.

உடைப்பதற்கானது விளையாட்டுச் சாமான் கடையில் கிடைக்கும். உள்ளங்கையில் அடங்கும் குட்டி, விசிறிகளைச் சுற்றி வளையம் போட்டது. ஜிபிஎஸ் இருக்காது. காற்றடித்தால் காற்றோடு போகும், கை தவறினால் சுவரில் முட்டும். உனக்கு வேண்டியது அதுதான். விலை கூடிய சாமான் நீ குச்சியிலிருந்து விரலை எடுத்தாலும் ஆகாயத்தில் ஆணியடித்த மாதிரி நிற்கும். அதைப் பார்த்து ‘எனக்கு ஓட்டத் தெரிந்துவிட்டது’ என்று நினைப்பாய். அதை நிறுத்தி வைத்திருப்பது நீ அல்ல, செயற்கைக்கோள். மலை இடுக்கில் அது ஒருநாள் கைவிடும்போதுதான் உன் விரலுக்கு எவ்வளவு தெரியும் என்பது ஊருக்குத் தெரியும். குட்டியில் கற்றவன் அன்றைக்குத் தப்புவான்.

அடுத்தவர் பிள்ளையைத் தூக்கி வளர்த்து அம்மா அனுப்பும் காசு. முதல் வாரமே அதைக் கானில் போட்டுவிடாதே.

கே: பெட்டியில் ‘249 கிராம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. 250க்குக் கீழ் என்றால் பதிவு தேவையில்லை என்று விற்றவர் சொன்னார். உண்மையா? — பசறை வாசகர்

ப: உண்மைதான், அமெரிக்காவில். பொழுதுபோக்குக்குப் பறப்பவர் அங்கே 250 கிராமுக்குக் கீழ் பதிய வேண்டியதில்லை. அந்த எல்லைக்கு ஒரு கிராம் கீழே நிற்கத்தான் 249. ஜப்பானில் எல்லை 200 ஆக இருந்த காலத்தில், 249 கிராம் சாமானைச் செய்த கம்பனியே அதற்குச் சின்ன பெட்டரி போட்டு 199 கிராமாக்கி அங்கே விற்றது. 2022 ஜூனில் ஜப்பான் எல்லையை 100க்கு இறக்கிவிட்டது, அது வேறு கதை.

நம் நாட்டுச் சிவில் விமானச் சேவைகள் அதிகார சபை ட்ரோன்களை நாலாகப் பிரித்தது: 25 கிலோவுக்கு மேல், 1 முதல் 25 கிலோ, 200 கிராம் முதல் 1 கிலோ, 200 கிராமுக்குக் கீழ். உங்கள் 249 எந்தப் படியில் நிற்கிறது என்று விற்றவரையே கூட்டிக் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பதிவு வேறு, பறப்பதற்கான அனுமதி வேறு. லொறிக்குப் புத்தகம் இருக்கிறது என்பதற்காகப் பெரஹரா நேரத்தில் கண்டி வீதியில் விடுவார்களா? ட்ரோன் விஷயத்தில் பாதுகாப்பு அமைச்சுக்கும் சொல்ல வார்த்தை உண்டு. ரேடியோவில் இயங்கும் சாமான் என்பதால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் எட்டிப் பார்க்கும். வெளிநாட்டிலிருந்து பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவர நினைப்பவர்கள் விமானம் ஏறுமுன் விசாரிப்பது நல்லது. கட்டுநாயக்காவில் கஸ்டம்ஸ் மேசைக்கு முன்னால் நின்று விசாரிப்பது பிந்திய ஞானம்.

விதியும் அப்படியே இருக்காது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகள் நடந்து சில நாட்களில் நாடு முழுவதும் ட்ரோனுக்குத் தடை வந்தது. ஆகவே பறக்கும் வாரத்தில் அதிகார சபையின் இணையத்தளத்தைப் பாருங்கள். கடைக்காரர் முகத்தைப் பார்க்காதீர்கள்.

கே: ‘ட்ரோன்’ என்றால் என்ன அர்த்தம்? — தமிழ் ஆசிரியை, லுணுகலை

ப: ஆண் தேனீ, டீச்சர். தேன் சேர்க்காது, கூட்டைக் காவல் காக்காது, கொடுக்கும் கிடையாது, இரைந்துகொண்டு திரியும். 1930களில் பிரித்தானியர் பீரங்கிப் பயிற்சிக்காக ஆளில்லாமல் பறக்கவிட்ட விமானத்துக்கு ‘ராணித் தேனீ’ என்று பெயர் வைத்தார்கள். அதைப் பார்த்து அமெரிக்கக் கடற்படையினர் தங்களுடையதற்கு ஆண் தேனீ என்று வைத்ததாகச் சொல்வார்கள். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பையன்களுக்கும் பொருந்தும் என்று உங்கள் வகுப்பில் சொல்லிவிடாதீர்கள். ஹொப்டன் தம்பி கோபித்துக்கொள்வான்.

கே: குட்டி ட்ரோன் வாங்கிவிட்டேன். போகும்போது ஒழுங்காகப் போகிறது. என்னைப் பார்த்து வரும்போது மட்டும் இடப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் போகிறது. சாமானில் பிழையா? — ரோபெரி

ப: பிழை சாமானில் இல்லை, சலூன் கண்ணாடியில் இருக்கிறது. கண்ணாடி பார்த்துப் பின் மண்டை முடியைக் கத்தரித்துப் பாருங்கள், கை எந்தப் பக்கம் போகிறதென்று. ட்ரோனின் மூக்கு உங்களைப் பார்க்கும்போது அதன் இடம் உங்கள் வலம். புதிதாகப் பழகுகிறவர்கள் அதிகமாக முட்டுவது இந்த இடத்தில்தான்.

ஆகவே முதல் சில நாட்கள் அதன் வாலை மட்டும் பார்த்தபடி ஓட்டுங்கள். பாடசாலை மைதானத்தில், அதிபரிடம் கேட்டுக்கொண்டு, பிள்ளைகள் இல்லாத நேரத்தில். ஆள் உயரத்துக்குச் சற்று மேலே ஏற்றி அசையாமல் நிறுத்துங்கள். கிரிக்கெட் பிட்ச்சின் இந்தப் பக்கக் கோட்டிலிருந்து அந்தப் பக்கக் கோட்டுக்கு அனுப்பி, கோட்டின் மேலேயே இறக்குங்கள். இது அலுக்கும். அலுத்த பிறகுதான் மூக்கைத் திருப்ப வேண்டும். அப்புறம் எட்டுப் போடுங்கள். மோட்டார் சைக்கிள் லைசன்ஸுக்கு எட்டுப் போட்ட ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. குழம்பிப்போனால் இரண்டு குச்சியையும் விட்டுவிடுங்கள். பதறிப் பதறித் தள்ளுகிற விரல்தான் சாமானை மரத்தில் ஏற்றுகிறது.

கே: ‘வீட்டுக்குத் திரும்பு’ என்று ஒரு பொத்தான் இருக்கிறதாமே. அமுக்கினால் தானாக வந்துவிடும் என்றால் பயிற்சி எதற்கு? — அடாவத்தை

ப: ‘வீட்டுக்குத் திரும்பு’ என்றதும் நேரே வீட்டுக்கு வந்துவிடுவதென்றால் சம்பள நாளில் தவறணையை எப்போதோ மூடியிருப்பார்கள்.

விளையாட்டை விட்டுவிட்டுச் சொல்கிறேன். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். ட்ரோன் பழகச் சொல்லித்தரும் படங்களில் பாதி, மேசை மாதிரித் தட்டையான தரையில் நின்று எடுத்தவை. நமக்கு அப்படி ஒரு தரையைக் காட்டச் சொன்னால் பாடசாலை மைதானத்தைத்தான் காட்டுவோம், அதுவும் வெட்டி நிரப்பியது.

திரையில் தெரிகிற உயரம், ட்ரோனுக்குக் கீழே இருக்கும் தரையிலிருந்து அளந்தது அல்ல. நீங்கள் கிளப்பிய இடத்திலிருந்து அளந்தது. காற்றழுத்தம் எவ்வளவு குறைந்தது என்று பார்த்து அது கணக்குப் போடுகிறது. பிரட்டுக்களத்தில் வைத்துக் கிளப்பினால் அந்த இடம் 0. எதிரே மலை 80 மீற்றர் எழும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 60 மீற்றரில் வைத்து மலைப்பக்கம் அனுப்புகிறீர்கள். முக்கால் சரிவை எட்டியதும் அதற்கும் தேயிலைக்கும் இடையே நாலு விரல்தான் இருக்கும். திரை அப்போதும் 60 என்றே சொல்லும். முட்டி விழுந்த பிறகும் 60 என்றே சொல்லும்.

திரும்பி வருவதும் இதே கணக்குத்தான். சிக்னல் அறுந்தால், அல்லது நீங்கள் பொத்தானை அமுக்கினால், முன்கூட்டி அதில் பதிந்து வைத்த உயரத்துக்கு ஏறும். பிறகு கோடு கிழித்தாற்போல் நேராக வரும். நடுவில் மலை இருந்தால்? மலை விலகாது. ரேடியோ அலையும் மலையைச் சுற்றி வளைந்து போகாது. சாமான் மலை முதுகைத் தாண்டி மறுபக்கம் இறங்கியதும் சிக்னல் போகும். சிக்னல் போனதும் திரும்பும். திரும்பும் வழியில் அதே மலை.

எனக்கு நடந்தது இதுதான். திரும்பும் உயரம் 30 என்று கம்பனி வைத்தது வைத்தபடியே இருந்தது, நான் தொடவில்லை. திரை கறுத்தது. ‘வரும், வரும்’ என்று பத்து நிமிடம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாம் நாள் கவ்வாத்து வெட்டப் போன ஒருவர் கொண்டுவந்து தந்தார். கொழுந்து எடுக்க வந்த மாதிரிச் செடிமேல் உட்கார்ந்திருந்ததாம். “அரை நாள் பேர் போடலாம்” என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வழக்கம். கிளப்புமுன் நின்ற இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பேன். போகிற பக்கத்தில் கண்ணுக்குப் படும் மிக உயர்ந்த நிழல் மரத்தின் நுனி எங்கே என்று பார்த்து, அதற்கும் மேலே திரும்பும் உயரத்தை வைப்பேன். அவ்வளவு உயரத்துக்கு அனுமதி இல்லையென்றால் அது கிளப்பக்கூடிய இடம் அல்ல. பையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிடுவேன். செயற்கைக்கோள்கள் போதுமான அளவு பிடிபட்டு, ‘வீடு பதிவாயிற்று’ என்று அது சொல்லும்வரை குச்சியைத் தொடுவதில்லை. வீடு எதுவென்று தெரியாதவனிடம் வீட்டுக்குப் போ என்று சொல்லிப் பயனில்லை. தகரக் கூரைக்குப் பக்கத்திலும், கொங்கிரீட் கம்பிக்கு மேலும் வைத்துக் கிளப்புவதில்லை, அதன் திசைகாட்டி குழம்பும்.

கே: மடுல்சீமை சிறிய உலக முடிவில் பறக்கவிடப் போகிறோம். கிளப்பும் இடமே உச்சி. மலை முட்டுகிற பிரச்சினை இல்லைதானே? — பதுளை நண்பர்கள் நால்வர்

ப: இல்லை. வேறு பிரச்சினைகள் இருக்கின்றன. விளிம்பைத் தாண்டிய அடுத்த நொடி, திரை 10 என்று காட்டும் சாமான் உண்மையில் பள்ளத்துக்கு மேலே நூற்றுக்கணக்கான மீற்றரில் நிற்கும். விழுந்தால் தேடிப்போவது நீங்கள் அல்ல, உங்கள் பேரன். பாறைச் சுவரில் மோதும் காற்று மேல்நோக்கி அடிக்கும். விளிம்பில் அமைதியாகத் தெரிந்தாலும் பத்தடி தள்ளிப் போனதும் உதைக்கும். மூடுபனி அங்கே முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வருவதில்லை.

நால்வர் போவது நல்லது. ஒருவர் ஓட்டட்டும், ஒருவர் சாமானை மட்டும் பார்க்கட்டும், ஒருவர் ஓட்டுகிறவரின் காலைப் பார்க்கட்டும். திரையைப் பார்த்தபடி பின்னால் நடக்கிறவனுக்கு உலக முடிவு என்பது வெறும் பெயரல்ல. நாலாமவர் தேநீர் போடலாம்.

கே: அஜித் ட்ரோன் விடுகிறாரே, அவரைப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை வந்தது. சரியா? — ரசிகன், பிபிலை

ப: தாராளமாக. ஆனால் சரியான காட்சியைப் பாருங்கள். சென்னை குரோம்பேட்டை எம்ஐடியில், அப்துல் கலாம் படித்த அதே வளாகத்தில், ‘தக்ஷா’ என்று மாணவர் குழு ஒன்று. அஜித் அதன் ஆலோசகராக இருந்தார். 2018இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த போட்டியில் அந்தக் குழு இரண்டாமிடம் பெற்றது. எட்டாத இடத்தில் இருக்கும் நோயாளியின் இரத்த மாதிரியை ட்ரோன் போய் எடுத்துவர வேண்டும் என்பதுதான் போட்டி. ரசிகர் மன்றப் படத்தில் வருவது கறுப்புக் கண்ணாடியும் வானமும். வராதது மேசையும், சுட்ட ஈயமும், எரிந்த மோட்டாரும்.

கறுப்புக் கண்ணாடியை மட்டும் பின்பற்ற வேண்டாம். சாமான் கண்ணுக்குத் தெரியாது.

கே: நாங்கள் மலையில் கொழுந்து எடுக்கிறபோது பொடியன்கள் தலைக்கு மேலேயே ஓட்டுகிறார்கள். ஏற்கனவே குளவிக்குப் பயந்து பயந்து வேலை செய்கிறோம். இது குளவியைக் கலைக்குமா? — கொழுந்தெடுக்கும் ஒரு அக்கா, லுணுகலை

ப: கலைக்கும் அக்கா. நீங்கள் கேட்டதை ட்ரோன் பெட்டிக்குள் வரும் புத்தகத்தில் தேடினேன். ‘விமானம், மின்கம்பி, மரம், பறவை’ என்று எல்லாம் இருக்கிறது, குளவி இல்லை. புத்தகம் எழுதியவர் பேருக்குக்கூட ஒரு நாள் மலை ஏறியிருக்க மாட்டார்.

நாம் குளவி என்று சொல்வதில் பெரும்பகுதி உண்மையில் பெரிய மலைத்தேனீ, சிங்களத்தில் பம்பரா. உயர்ந்த மரக்கிளையிலும் பாறை முகட்டிலும் ஒற்றை அடையாகத் தொங்கும். ஆயிரக்கணக்கில் மேலே மூடிக்கொண்டிருக்கும். பருந்து அடித்தாலும் போதும், கிளை ஆடினாலும் போதும், மொத்தமாக இறங்கிவிடும். நாலு விசிறி கீழே தள்ளும் காற்றும் இரைச்சலும் அதன் முகத்தில் அடித்தால் எப்படி இருக்கும்? அதிலும் அநியாயம் என்னவென்றால், கலைத்தவன் கரத்தை ரோட்டில் நிழலில் நிற்பான். கொட்டு வாங்குவது முதுகில் கூடையோடு, சரிவில், ஓட முடியாமல் நிற்கிறவர்.

ஆகவே தம்பிமார் கவனிக்க. ஆள் இறங்கியிருக்கும் மலைக்கு மேலே ட்ரோன் கிடையாது. ஆள் இல்லாத மலையென்றாலும் எந்த மரத்தில் அடை தொங்குகிறது என்று கங்காணியிடம் கேட்டுவிட்டுத்தான் கிளப்ப வேண்டும். அவருக்குத் தெரியும், அது தெரியாமல் அவர் வேலை வாங்க முடியாது. அடை இருக்கும் மரத்தைப் படமெடுக்கக் கிட்டப் போகிறேன் என்று யாராவது சொன்னால் ரிமோட்டைப் பிடுங்கிவிடுங்கள் அக்கா, நான் சொன்னதாகச் சொல்லலாம்.

கே: பருந்து வந்தால்? — சுருக்கமாகக் கேட்டவர், ஹாலிஎல

ப: நேராக மேலே ஏற்றுங்கள், பருந்து மேலிருந்து கீழே பாய்கிற சாதி. பிறகு தள்ளிக் கொண்டுபோய் இறக்குங்கள். வானம் அதன் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது.

கே: பீலிக்கரையில் குளிக்கிறோம், வாசலில் உடுப்புக் காயப்போடுகிறோம். மேலே ஒன்று வந்து நிற்கிறது. யாரிடம் சொல்வது? — பெயர் வேண்டாம், மடுல்சீமை வழி

ப: முதலில் அந்தப் பையனின் அம்மாவிடம். அதில் முடியாவிட்டால் கிராம சேவகர், பொலிஸ். பிறர் காணிக்கு மேலும் ஆட்களின் தலைக்கு மேலும் அனுமதியில்லாமல் போகக்கூடாது என்பது அதிகார சபையின் விதிகளிலேயே இருக்கிறது. நாள், நேரம், எந்தப் பக்கமிருந்து வந்தது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இறங்குகிற இடத்தைப் பின்தொடர்ந்து போனால் ஓட்டுகிறவர் அங்கேதான் நிற்பார், பெட்டரி அதிக நேரம் தாங்காது.

பையன்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டத்தில் பங்களாவை ஏன் மேட்டில் கட்டினார்கள்? காற்றுக்கு என்பார்கள். லயமும் பிரட்டும் ஸ்டோரும் ஒரே பார்வையில் அகப்பட வேண்டும் என்பதும்தான் காரணம். உங்கள் பூட்டி அந்தப் பார்வைக்குக் கீழே குனிந்து நடந்தவள். இப்போது மேலேயிருந்து பார்க்கும் முறை உங்களுக்கு வந்திருக்கிறது. அதைக் கொண்டுபோய் அவள் பேத்தி குளிக்கிற இடத்தில் நிறுத்துகிறீர்களே, துரைக்கே கூச்சம் வரும்.

கே: கிளிநொச்சியிலிருந்து வந்திருந்த பெரியம்மா, நான் ட்ரோனைக் கிளப்பியதும் வாசலில் இருந்த பிள்ளைகளை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. — ரோபெரி

ப: 1977இலும் 83இலும் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வன்னிக்குப் போனவர்கள் அநேகர். அங்கே யுத்த காலத்தில் மேலே இரைந்துகொண்டு வந்த ஆளில்லா வேவு விமானத்துக்குச் சனங்கள் வைத்த பெயர் ‘வண்டு’. வண்டு சுற்றிப் பார்த்துவிட்டுப் போனால் பின்னால் என்ன வரும் என்று பெரியம்மாவுக்குத் தெரியும். காது மறக்கவில்லை.

அடுத்த முறை கிளப்புமுன் அவரிடம் போய்ச் சொல்லுங்கள். சாமானைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அவர் ஊருக்குப் போகும்வரை பெட்டிக்குள் இருக்கட்டும்.

கே: எந்த மாதம் பறக்க நல்லது? — தெமோதரை

ப: கச்சான் மாதம் தவிர. கச்சான் என்றதும் தேரடியில் சரை சுற்றி விற்பது ஞாபகம் வந்தால் நீங்கள் இன்னும் ட்ரோன் வாங்கவில்லை. ஜூலை முதல் செப்டெம்பர் வரை மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும் உலர்ந்த காற்றைச் சொல்கிறேன். ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அந்தக் காற்று. ட்ரோன்களைப் பக்கத்துத் தோட்டத்துக்கு மாற்றி அனுப்புவதும் அதுதான்.

கணக்கைப் பாருங்கள். உங்கள் சாமான் நொடிக்கு 10 மீற்றர் போகும், காற்று நொடிக்கு 8 மீற்றர் அடிக்கிறது. காற்றோடு போகும்போது அரைக் கிலோமீற்றர் அரை நிமிடத்துக்குள் முடியும். ‘அடடா, என்ன வேகம்’ என்பீர்கள். திரும்பும்போது மிச்சம் இருப்பது நொடிக்கு 2 மீற்றர். அதே தூரத்துக்கு 250 நொடி, நாலு நிமிடத்துக்கு மேல். பெட்டரி அதற்கு முன்பே கணக்கை முடித்துவிடலாம். ஆகவே போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், வரும்போது காற்றே கொண்டுவந்து விடட்டும். எந்த மாதமென்றாலும் காலை வெயில் ஏறுமுன் பறப்பது உத்தமம். ஆசைப்பட்டு நமுனுகுலை உச்சிக்குக் கொண்டு போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2,000 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. விசிறி கூடுதலாக உழைக்கும், பெட்டரி சீக்கிரம் இறங்கும்.

கே: பெட்டரியை இரவு முழுக்கச் சார்ஜில் போட்டு வைக்கலாமா? — அடாவத்தை

ப: உங்கள் லயத்தில் எத்தனை காம்பரா? பத்தா? ஒரே கூரைதானே? அப்படியானால் அது உங்கள் ஒருவருடைய பெட்டரி இல்லை, பத்துக் குடும்பத்தின் பெட்டரி. லித்தியம் பெட்டரி தீப்பிடித்தால் ஊதி அணைக்கிற சங்கதி இல்லை. விழித்திருக்கும்போது, ஆள் பக்கத்தில் இருக்கும்போது, சீமெந்துத் தரையில் வைத்துப் போடுங்கள். அடுப்படியிலும் மெத்தை மேலும் வேண்டாம். பறந்து முடிந்த சூட்டோடு சார்ஜில் மாட்டாதீர்கள், ஆறட்டும். வாரக் கணக்கில் பறக்கப் போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில் வையுங்கள். நிறைய ஏற்றி வைத்தாலும் அடியோடு வற்ற விட்டாலும் கெடும். வயிறு உப்பிய பெட்டரிக்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும். குத்திப் பார்க்கிற மாமா எல்லா லயத்திலும் ஒருவர் இருப்பார், அவர் கண்ணில் படாமல்.

கே: தேர்த் திருவிழாவில் சாமிக்கு மேலே ட்ரோனால் பூச் சொரியலாம் என்று இளைஞர் சங்கம் சொல்கிறது. பரிபாலன சபை என்ன செய்ய? — ஆலயச் செயலாளர்

ப: பூ சொரியட்டும், மேலே ஏறி நின்று, கையால். கூட்டத்துக்கு மேல் பறப்பது விதிக்கு விரோதம். விசிறி ஒன்று உடைந்தால் பூவோடு சேர்ந்து சாமானும் சொரியும். 2015 மே மாதம் மெக்சிகோவின் திஹுவானாவில் மேடையில் பாடிக்கொண்டிருந்த பாடகர் என்ரிக்கே இக்லேசியாஸ், தலைக்கு மேல் வந்த ட்ரோனை எட்டிப் பிடித்தார். விரல்களுக்குச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. உங்கள் தேரில் வடம் பிடிக்க விரல்கள் வேண்டும்.

கே: மண்சரிவு நடந்த இடத்தைப் படமெடுத்து உலகத்துக்குக் காட்டுவது நல்ல காரியம்தானே? — ஹல்துமுல்லை

ப: 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தை லயங்கள் மண்ணுக்குள் போனதைக் கிட்ட இருந்து அறிந்த ஊர்க்காரர் நீங்கள். உங்களிடம் விளையாட்டாகப் பதில் சொல்ல மாட்டேன்.

சரிவை மேலிருந்து பார்ப்பது பெரிய உதவிதான். வெடிப்பு எங்கே ஓடுகிறது, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று கீழே நிற்கிறவருக்குத் தெரியாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ட்ரோன் வைத்துத்தான் இப்போது இப்படியான இடங்களை அளக்கிறது. ஆனால் அவர்கள் பறக்கிற நேரமும் ஹெலிகொப்டர் வருகிற நேரமும் ஒன்றோடொன்று பேசி வைத்தவை. நம்முடையது யாருக்கும் தெரியாமல் வருவது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் பாதைகள் அறுந்தபோது பல இடங்களுக்கு ஹெலிகொப்டர் ஒன்றுதான் வழி. அது பறக்கும் பள்ளத்தாக்கில் நமக்கு வேலை இல்லை.

சின்ன சாமான் என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு: 2025 ஜனவரியில் லொஸ் ஏஞ்சலிஸ் காட்டுத்தீயைப் பார்க்க ஒருவர் ட்ரோன் விட்டார். கால் கிலோவுக்குக் குறைந்தது. இரண்டு கிலோமீற்றருக்கு மேல் போக விட்டுக் கண்ணிலிருந்து தவறவிட்டார். அது தீயணைக்கும் விமானத்தின் இறக்கையில் ஓட்டை போட்டது. தீ எரிந்துகொண்டிருக்க விமானம் தரையில் நின்றது.

உங்கள் சாமானை உதவிக்குக் கொடுக்க விரும்பினால் பிரதேச செயலகத்தில் பெயரையும் இலக்கத்தையும் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். கூப்பிட்டால் போங்கள். மழை விட்ட காலத்தில் லயத்துக்கு மேலேயுள்ள சரிவை அனுமதியோடு படமெடுத்து, அடுத்த வருடப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கு யாரும் கைதட்ட மாட்டார்கள். ஆனால் ஒரு வெடிப்பு அதில் தெரிந்தால், அது உலகத்துக்குக் காட்டிய எல்லாப் படத்தையும்விட உதவும்.

கே: இதில் தொழில் உண்டா? — உயர்தர மாணவி, பண்டாரவளை

ப: உண்டு மகள். கலியாணப் படம் மட்டும்தான் தொழில் என்று நினைக்க வேண்டாம். நில அளவையில் இன்று ட்ரோன் பெரிய கருவி, நில அளவை படிக்கும் நிறுவனம் உங்களுக்குப் பக்கத்தில் தியத்தலாவையில்தான் இருக்கிறது. தேயிலைக்கு மருந்து தெளிக்கும் பெரிய ட்ரோன்களும் வந்துவிட்டன. படிக்கப் போகும்போது ட்ரோனைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். தியத்தலாவை இராணுவ முகாம்கள் நிறைந்த ஊர், அந்தப் பக்கம் தலைவைத்தும் பறக்கக்கூடாது.

கே: ட்ரோன் ஓட்டத் தெரிந்த மாப்பிள்ளைக்கு மவுசு உண்டா? நண்பருக்காகக் கேட்கிறேன். — பெயர் வேண்டாம், லுணுகலை

ப: நண்பரிடம் சொல்லுங்கள், பெண் பார்க்கப் போகும் நாளில் சாமானை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லி. முன்கூட்டியே மேலே அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று தெரிந்தால் பெண்ணின் தம்பி கெட்டபோலை எடுப்பான். அதற்கு நம் தோட்டத்தில் பதிவும் தேவையில்லை, குறியும் தப்பாது.